மாடி எடுக்கப்போகிறேன், பக்கத்தில் ஹெச்.டி. லைன்: புது விதி வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: ஐயா, பட்டுக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். 2011-ல் அப்பா கட்டிய தரைத்தள வீடு. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே 11 கே.வி. (11,000 வோல்ட்) ஹெச்.டி., அதாவது உயரழுத்த லைன் போகிறது, வீடு கட்டுவதற்கு முன்பே இருந்த லைன். கொல்லைப் பக்க மூலையில் எல்.டி. (தாழ்வழுத்த) லைன் ஒன்று எங்கள் மொட்டை மாடிக்கு மேலே குறுக்காகப் போகிறது. அது வீடு கட்டிய பிறகு இழுத்தது. நான் துபாயில் வேலை பார்க்கிறேன். சித்திரையில் இரண்டு மாத லீவில் வந்து மாடி எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஹெச்.டி. லைனுக்கும் எங்களுக்கும் நாலடி இடைவெளி இருக்கிறது. கம்பிமேல் பி.வி.சி. பைப் மாட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. மத்திய அரசு விதியை மாற்றப்போகிறது, உறை போட்ட கம்பி என்றால் இடைவெளி தேவையில்லை, லைனை இலவசமாக மாற்றிக் கொடுப்பார்கள், பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. விதி வரும்வரை பொறுக்கலாமா? நாங்களும் கருத்து அனுப்பலாமா? இதற்கிடையில் தெருவில் சிமென்ட் ரோடு போட்டு ஓர் அடி உயர்ந்துவிட்டது.

பதில்: தம்பி, பொறுக்க வேண்டாம். பைப் மாட்டவும் வேண்டாம். துபாயிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, அதை இந்த மாதமே தொடங்குங்கள். கருத்து அனுப்புவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. மின்கம்பிகளுக்கான பாதுகாப்பு விதியை வகுப்பது மத்திய மின்சார ஆணையம். மின்சாரச் சட்டம் 2003-ன் 177-வது பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. கூடவே, வரைவை முன்கூட்டியே வெளியிட்டு ஆட்சேபம் கேட்ட பிறகுதான் விதியாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே கருத்துக் கேட்பது வழக்கமான நடைமுறைதான். ஆனால் வரைவு என்பது வரைவு. அரசிதழில் வராத வரிக்கு உங்கள் ஊர் மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் எந்த மதிப்பும் கிடையாது. அங்கே ஏ.இ. (உதவிப் பொறியாளர்) மேசையில் அந்தச் செய்தியை நீட்டினால் அவர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்.

விதி எவ்வளவு மாறும் என்பதற்குப் பழைய கணக்கைப் பாருங்கள். 1956-ல் இந்திய மின்சார விதிகள் வந்தன. மின்வாரியத்தில் பழைய ஆட்கள் இன்றும் 'ரூல் 79, ரூல் 80' என்று பேசுவது அந்தப் புத்தகத்தை வைத்துத்தான். பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகள் வந்தன. அவற்றுக்குச் சில திருத்தங்கள் வந்தன. கடைசியாக 2023-ல் புதிய விதிகளே வந்துவிட்டன. எண் மாறியது, தலைப்பு மாறியது. வீட்டுக்கும் கம்பிக்கும் உள்ள தூரம் என்ன ஆயிற்று? 1956-ல் அடிக்கணக்கில் எட்டு, நாலு, பன்னிரண்டு. இன்று மீட்டர் கணக்கில் 2.5, 1.2, 3.7. அதாவது 650 வோல்ட் வரையுள்ள லைன் (உங்கள் எல்.டி. இதில் வரும்) கூரைக்கு மேலே போனால் 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். அதற்கு மேல் 33 கே.வி. வரை, தலைக்கு மேலே 3.7 மீட்டர். பக்கவாட்டில் 11 கே.வி.க்கு 1.2, 33 கே.வி.க்கு 2 மீட்டர். இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கில் நடந்தது, அடியை மீட்டராக்கிக் கடைசித் தசமத்தைச் சீராக்கியதுதான். மனித உடம்பும் 11 கே.வி.யும் மாறாதவரை இது பெரிதாகக் குறையும் என்று நான் நம்பவில்லை.

உறை போட்ட கம்பி என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று ஊகிக்க முடிகிறது. தெரு அல்லாத இடங்களில் 11 கே.வி. வரையுள்ள வெற்றுக் கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உறை போட்டதென்றால் 4 மீட்டர் போதும் என்று 2010 விதிகளிலேயே ஒரு சலுகை உண்டு. அது வயல்காட்டுக்கும் திடலுக்கும் பொருந்தும் கணக்கு, உங்கள் மாடிச் சுவருக்குப் பொருந்தாது. அதோடு, லைன் பக்கத்தில் கட்டடம் எழுப்புகிறவர் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்கிற விதி, கம்பிக்கு உறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

மேஸ்திரியின் பி.வி.சி. பைப் அந்த 'உறை' அல்ல. தொழிற்சாலையில் கம்பியோடு சேர்த்து வார்த்து, சோதித்து அனுப்புவது உறை. கடையில் வாங்கிய பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டினால், கீறலுக்குள் மழைத் தண்ணீர் இறங்கும், இரண்டு வெயிலில் பைப் வெடிக்கும், தன் எடையால் கம்பியையும் கீழே இழுக்கும். இதைவிட மோசம், அது அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில் சித்தாள் கையை நீட்டுவார். அதை மாட்டுவதற்கு யார் ஏறுவார், லைனை யார் நிறுத்திக் கொடுப்பார் என்றும் மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் நாலடி. எதிலிருந்து எதுவரை அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பலர் கம்பத்திலிருந்து சுவர் வரை டேப் பிடித்துவிட்டு அதையே இடைவெளி என்கிறார்கள். 11 கே.வி. கம்பத்தின் உச்சியில் வி வடிவ கிராஸ் ஆர்ம் (கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இருக்கும். அதன் முனையில் இருக்கிற கம்பி, கம்பத்தைவிட ஏறத்தாழ இரண்டரை அடி உங்கள் பக்கம் தள்ளி நிற்கும். கம்பத்திலிருந்து நாலடி என்றால் கம்பியிலிருந்து ஒன்றரை அடிதான். சரி, கம்பியிலிருந்தே அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடியில் ஜன்னல் வைத்தால் சன்ஷேடு ஒன்றரை அடி, இரண்டடி வெளியே நீட்டும். பால்கனி போட்டால் மூன்றடி. விதி கட்டடத்தின் மிக அருகில் இருக்கிற புள்ளியைக் கேட்கிறது, சுவரைக் கேட்கவில்லை. அதுவும் காற்று வீசிக் கம்பி அதிகபட்சம் எவ்வளவு உங்கள் பக்கம் ஆடுமோ, அந்த நிலையில் 1.2 மீட்டர் இருக்க வேண்டும். நாலடி என்பது கிட்டத்தட்ட 1.2 மீட்டர்தான். கம்பி அசையாமல் நிற்கும்போதே உங்களிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

இவ்வளவு நாள் ஏன் பிரச்சினை தெரியவில்லை என்றால், உயரம் காப்பாற்றியது. 9 மீட்டர் கம்பத்தை ஐந்தடி புதைத்தால் கம்பி தரையிலிருந்து இருபத்திரண்டு, இருபத்து நாலு அடியில் போகும். மூன்றடி பேஸ்மென்ட், பத்தரை அடித் தளம் என்று உங்கள் மொட்டை மாடி அதற்கு வெகு கீழே இருக்கிறது. மேலே இன்னொரு பத்தரை அடி எழுப்பி, மூன்றடி கைப்பிடிச் சுவரும் வைத்தால் இருபத்தேழு அடி. அப்போது கம்பி உங்கள் மாடி அறையின் ஜன்னல் தலைக்கும் மேல்தளத்துக்கும் நேரே வந்து நிற்கும். துணி காயப்போட நீட்டுகிற கொம்பு, ஒட்டடைக் கம்பு, பிள்ளைகளின் பட்டம் எல்லாம் அந்த நாலடிக்குள்தான்.

உயரத்தை அளக்கும்போதும் ஒரு விஷயம் கவனியுங்கள். மார்கழிக் காலையில் பார்த்த கம்பியும் அக்னி நட்சத்திர மதியத்தில் பார்க்கும் கம்பியும் ஒரே இடத்தில் இருக்காது. ஐம்பது மீட்டர் ஸ்பேனில் (இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள தூரம்), வெயிலும் லோடும் சேர்ந்து கம்பி நாற்பது டிகிரி கூடுதலாகச் சூடானால், நடுவில் ஓர் அடி, ஒன்றரை அடி கூட இறங்கும். அதனால்தான் விதி அதிகபட்சத் தொய்வில் அளக்கச் சொல்கிறது. நீங்களே அளக்கிறேன் என்று மூங்கிலில் டேப் கட்டித் தூக்காதீர்கள். லைன் போகும் திசையிலேயே தள்ளி நின்று, தூக்குக்குண்டு நூலைக் கண்ணுக்கு நேரே பிடித்தால், ஓரக் கம்பிக்கு நேர் கீழே தரையில் எந்தப் புள்ளி என்று தெரியும். அங்கிருந்து சுவருக்குத் தரையிலேயே டேப் பிடிக்கலாம். உயரத்துக்கு, ஒலி அலையை மேலே அனுப்பிக் கம்பியின் உயரத்தைக் காட்டும் சின்னக் கருவி லைன் காண்ட்ராக்டர்கள் சிலரிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் செக்‌ஷன் ஆபீஸில் கேளுங்கள், அளந்து சொல்வது அவர்கள் வேலை.

இனி, இந்த மாதம் தொடங்க வேண்டிய வேலை. லைன் போட்ட பிறகு அதன் பக்கத்தில் யார் கட்டடம் எழுப்பினாலும், ஏற்கெனவே இருப்பதில் எதையாவது கூட்டினாலும், தற்காலிக வேலையானாலும், லைனுக்கு உரியவருக்கும் மின் ஆய்வாளருக்கும் (மின் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அதிகாரி) எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1956 புத்தகத்தில் இது 82-வது விதி, 2010-ல் 63-வது விதி. அளவோடு போட்ட வரைபடம் இணைக்க வேண்டும். அதில் கட்டடம் மட்டும் போதாது, வேலை நடக்கும்போது கட்டுகிற சாரத்தையும் காட்டச் சொல்கிறது விதி. இன்னொன்று, தெரிவிக்க வேண்டியவர் வீட்டுக்காரர் மட்டுமல்ல, அவர் அமர்த்தும் காண்ட்ராக்டரும்தான். மேஸ்திரிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பைப் யோசனை தானாகவே அடங்கும்.

கடிதம் போனதும் வாரியம் (இப்போது பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்) பார்க்க வேண்டியவை: லைன் போட்டபோது விதிப்படி போடப்பட்டதா, மாற்றுவது தொழில்நுட்ப ரீதியாக முடியுமா, செலவு யாருடையது. செலவு உங்களுடையது என்றால் மதிப்பீடு போட்டு, முப்பது நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் தருவார்கள். ஆபீஸில் இதை டி.சி.டபிள்யூ. என்பார்கள், பணம் கட்டியவர் செலவில் நடக்கிற வேலை. தொகையோ, பொறுப்போ சரியில்லை என்று நினைத்தால் மின் ஆய்வாளரிடம் போகலாம். அவர் சொல்வதே முடிவு.

யார் செலவு என்பதை 'யார் முதலில் வந்தார்கள்' என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கும். உங்கள் விஷயத்தில் இரண்டு லைனுக்கும் இரண்டு பதில். முன்பக்க ஹெச்.டி. லைன் உங்கள் வீட்டுக்கு மூத்தது. அதை நகர்த்தும் செலவு உங்களுடையதுதான், இலவசம் என்ற கனவை விட்டுவிடுங்கள். ஆனால் எல்லாம் பெரிய செலவாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில இடங்களில் கிராஸ் ஆர்மைக் கழற்றி மூன்று கம்பியையும் தெருப்பக்கமே தள்ளிப் பிடிக்கும் ஆர்ம் போட்டாலே கணக்குத் தீர்ந்துவிடும். அது முடியாவிட்டால் இரண்டு கம்பங்களைத் தெருவின் எதிர்ப்பக்கம் மாற்றுவது. அதற்கும் இடமில்லை என்றால் அந்த ஸ்பேனுக்கு மட்டும் தரைக்கடியில் கேபிள். இது பணம் தின்னும். எதிர் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கம்பம் அவர் வாசலுக்குப் போகிறது என்று தெரிந்த அன்றைக்கு உறவு முறியும்.

பின்பக்க எல்.டி. லைன் கதை வேறு. ஏற்கெனவே இருக்கும் கட்டடத்துக்கு மேலே லைன் கூடியவரை போகக்கூடாது என்பது விதி. வீடு 2011-ல் வந்தது, லைன் பிறகு வந்தது என்றால் இங்கே உங்கள் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் வாயால் சொன்னால் போதாது. வீட்டுவரி ரசீது, பஞ்சாயத்து அனுமதி, உங்கள் வெள்ளை அட்டையில் இருக்கிற இணைப்புத் தேதி, இவற்றை எடுத்து வையுங்கள். லைன் போட்ட வருஷம் செக்‌ஷன் ஆபீஸ் பதிவேட்டில் இருக்கும். இதற்குத் தனி மனு போடுங்கள், மாடி மனுவோடு கலக்காதீர்கள். கலந்தால் இரண்டும் 'மனுதாரர் மாடி கட்டுகிறார், செலவையும் அவரே கட்டட்டும்' என்று ஒரே மதிப்பீட்டில் போய்ச் சேரும். எல்.டி.யைப் பொறுத்தவரை நகர்த்த இடமில்லை என்றால் நாலு கம்பியையும் உறையோடு முறுக்கி ஒன்றாக்கிய ஏ.பி. கேபிள் கேளுங்கள், சுவரோரமாகக் கொண்டு போக வசதி.

இனி அந்தச் சிமென்ட் ரோடு. உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

11 கே.வி. லைன் தெருவோரமாகப் போனால் 5.8 மீட்டர், தெருவைக் குறுக்கே கடந்தால் 6.1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கம்பம் நட்ட அன்றைக்குச் சரியாக 6.1 இருந்த இடத்தில் ஓர் அடி ரோடு ஏறினால் 5.8. யாரும் கம்பியைத் தொடவில்லை, ஆனால் லைன் விதி மீறிய லைன் ஆகிவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவே போட்டார். சுரண்டாமல் போடுவது நின்றபாடில்லை. 2022 ஏப்ரல் 27-ம் தேதி விடிகாலை, தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசிப் பதினொரு பேர் செத்தார்கள். தேர் போன சாலை புதிதாகப் போட்டதில் உயர்ந்திருந்தது என்று அப்போது பேசப்பட்டது.

ரோட்டை உயர்த்துகிறவரும் லைனுக்கு உரியவருக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது உங்களுக்குப் பொருந்துகிற அதே விதியில், அதே வாக்கியத்தில் இருக்கிறது. கட்டடம், வெள்ளத்தடுப்புக் கரை, ரோடு என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் வந்து தடுத்து நிறுத்துகிற இந்த விதியை ஒரு ரோடு காண்ட்ராக்டரிடம் யாராவது காட்டியதை நான் பார்த்ததில்லை. உங்கள் ஊரில் ரோடு போடும்போது அப்படி ஒரு கடிதம் போனதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். தெருவில் கம்பி தாழ்ந்திருப்பதாக மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து, பதிவெண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ரோடு உயர்ந்ததால் வரும் செலவை உங்கள் மாடிக் கணக்கில் ஏற்றிவிடாமல் இருக்கவும் அந்தப் பதிவு உதவும்.

கருத்து அனுப்பலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. திருத்த வரைவு எப்போது ஆணையத்தின் இணையதளத்தில் வந்தாலும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் 'ஏழைகளைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால் அது படிக்கப்படாத காகிதக் கட்டுக்குள் போய்ச் சேரும். எந்த விதி எண், இப்போது என்ன வாசகம், அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும், ஏன், இந்த நாலும் இருந்தால் ஒரு பக்கம் போதும். காரணம் எழுதும் இடத்தில் உங்கள் தெருவையே எழுதுங்கள்: ரோடு போடும் முன் உயரம் இவ்வளவு, பின் இவ்வளவு, அளந்த தேதி இது.

தூரத்தைக் கூட்டு, குறை என்று கேட்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. நான் எழுதினால் அளக்கும் கடமையைக் கேட்பேன். ரோடு வேலை முடிந்ததும், கடைசி பில் பாஸாகும் முன், குறுக்கே போகும் ஒவ்வொரு லைனின் உயரத்தையும் அளந்து ரோடு போட்டவரும் வாரியமும் கையெழுத்துப் போட வேண்டும். பில்லோடு கட்டினால்தான் நடக்கும். இன்னொன்று, மின்மயமான ரயில் பாதையில் லெவல் கிராசிங்குக்கு இரண்டு பக்கமும் உயரத் தடுப்பு நிறுத்தியிருப்பார்கள், அதைத் தாண்ட முடியாத லாரி கேட்டுக்குள்ளேயே வராது. தேரோடும் வீதிகளிலும் வைக்கோல் லாரி போகும் பாதைகளிலும் அதே ஏற்பாட்டை விதியாக்கச் சொல்வேன். உங்களுக்குச் சரியென்று பட்டால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்குக்கு வருவோம். கடிதம், அளவு, மதிப்பீடு, பணம், சாமான், லைனை நிறுத்தும் நாள் என்று போனால் இரண்டு மாத லீவு லைனுக்கே சரியாகிவிடும். அதனால்தான் இப்போதே தொடங்கச் சொன்னேன். அப்பாவின் பெயரில் வீடு என்றால் அவரே மனுவில் கையெழுத்துப் போடட்டும். வரைபடத்தை ஊரில் ஒரு லைசென்ஸ் பொறியாளர் போட்டுக் கொடுப்பார். கம்பம், கிராஸ் ஆர்ம், ஓரக் கம்பி, சன்ஷேடு, சாரம் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. லைன் மாறாமல் சித்திரை வந்துவிட்டால், லீவில் உள்வேலையை மட்டும் செய்யுங்கள். முன்பக்கச் சுவரை எழுப்பாதீர்கள்.

லைன் மாறிய பிறகும் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். முறுக்குக் கம்பி நாற்பது அடி நீளத்தில் வரும். மேலே ஏற்றும்போது ஆள் கீழ் முனையைப் பிடித்துச் செங்குத்தாக நிறுத்தி, மாடியில் இருப்பவர் கையில் கொடுப்பார். நான் விசாரணைக்குப் போன வீடுகளில் பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் உயிர் போயிருக்கிறது. சுவர் முழுதாக நிற்கும், இடைவெளிகூடச் சில வீடுகளில் சரியாகவே இருக்கும். வெற்றுக் கம்பிக்குப் பக்கத்தில் பைப், இரும்புக் கம்பி கொண்டுபோனால் பொறுப்பான ஆள் ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும் என்று அதற்கும் விதி இருக்கிறது. ஏற்றும் வேலையைக் கொல்லைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் அந்த எல்.டி. லைன் போயிருந்தால். போகவில்லை என்றால், கம்பியைக் கீழேயே அளவுக்கு வெட்டிப் படுக்கைவசமாக ஏற்றச் சொல்லுங்கள். தளம் போடும் அன்றைக்கு லிஃப்ட் மிஷின் எந்தப் பக்கம் நிற்கும் என்பதை முதல் நாளே முடிவு செய்து, வயர்மேனிடம் சொல்லி, முறைப்படி எல்.சி. (லைனை நிறுத்தியதற்கான வாரியத்தின் அனுமதி) வாங்கிய பிறகு ஆரம்பியுங்கள். 'லைன் ஆஃப்தான்' என்று தெருவில் யாராவது சொல்வதை எல்.சி.யாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.